சித்தியின் ஸிப் டிஸ்க்



இந்தக் கிழமை எபிசோட்டில், பழைய ஓஎஸ்ஸைப் புது மெஷினில் ஓட்டுறது யாருக்குத் தேவை எண்டு ஒரு கதை போச்சு. டூம் விளையாடுற ஆக்கள், விண்டோஸ் 98 ஸ்டார்ட்டப் சத்தம் கேட்டால் கண் கலங்குற ஆக்கள், பழைய மெஷின் ஒன்றை இன்னும் டொஸ்ஸில் ஓட்டுற தொழிற்சாலைகள் எண்டு அடுக்கினோம். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் இந்த வசந்தத்தில் நானே விண்டோஸ் 98ஐ என் மக்புக்கில் ஏற்றி, மூன்று கிழமை அதோடு மல்லுக்கட்டினேன். விளையாடுறதுக்கு இல்லை. மைக்குக்கு முன்னால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. எழுதினால் வரும்போல இருக்கிறது.

எங்கள் வீடு வெக்ஸ்போர்ட்டில். லோரன்ஸ் அவெனியூ கிழக்கில் 54ஆம் நம்பர் பஸ் எடுத்து, வோர்டனுக்குக் கிட்ட இறங்கவேணும். ஷவர்மா வாசம் வரத் தொடங்கினால் இடம் வந்துவிட்டது. 1990களில் இங்கே ஒரு பேஸ்மென்டில்தான் என் சித்தி தமிழ் டைப்செற்றிங் செய்தா. பகலில் ஃபக்டரி வேலை. இரவில் கலியாணக் காட், சாமத்தியவீட்டுக் காட், அரங்கேற்ற மலர், கல்வெட்டு.

கல்வெட்டு எண்டால் தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் இருப்பது இல்லை. ஒருவர் செத்து 31ஆம் நாள், வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் எங்கட ஆக்கள் கொடுக்கிற சின்னப் புத்தகம். முன்னுக்குப் படம், பிறகு தேவாரம் திருவாசகம், பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் எழுதினது, கடைசியில் வம்சாவளி. உங்கள் வீட்டிலும் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று கிடக்கும்.

எங்கள் அம்மம்மா 1998இல் போய்விட்டா. அவவின் கல்வெட்டுக்கு வம்சாவளி எழுதினவர் அம்மப்பா. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு சனம் முழுக்க வெளிக்கிட்டபோது அவர்களும் வெளிக்கிட்டார்கள். அல்பம், உறுதி, சாதகக் கொப்பி ஒன்றும் கையில் இல்லை. அதனால் வம்சாவளி முழுவதையும் அம்மப்பா ரொறன்ரோவில் இருந்து ஞாபகத்திலிருந்துதான் எழுதினார். இப்போது அவரும் இல்லை. எங்கள் வீட்டில் இருந்த புத்தகம் 2013 யூலை மழைக்கு பேஸ்மென்டில் தண்ணீர் ஏறியபோது களியாகிப் போனது. லண்டனிலும் மொன்றியலிலும் கேட்டுப் பார்த்தோம். "கிடந்தது, வீடு மாறேக்க எங்கை போச்சோ தெரியேல்லை" எண்டதுதான் எல்லா இடத்திலும் பதில்.

இதில் அம்மாவுக்கு ஒரு தவிப்பு. அவவுக்கு ஒரு அக்கா இருந்தவ. எட்டு மாதத்தில் போன குழந்தை. வீட்டில் அந்தப் பெயரை ஒருவரும் சொல்லமாட்டார்கள். "மூத்தது" எண்டுதான் கதைப்பார்கள். அம்மா ஒரு பெயர் சொல்லுவா, மாமா இன்னொன்று சொல்லுவார். பெயரின் பின்பாதி இரண்டு பேருக்கும் ஒன்றுதான், முன்பாதியில்தான் சண்டை. போன தைப்பொங்கலுக்கு அம்மா சொன்னா: "கூடப்பிறந்ததின்ர பேர்கூடத் தெரியாமல் போகப்போறன் போல."

அப்போதுதான் சித்தி எழும்பிப் போய், அலுமாரிக்குள் இருந்து ஒரு ஸிப் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வந்தா. 100 எம்பி. அம்மம்மாவின் கல்வெட்டை அடித்தது சித்திதான். பெயர் அவவுக்கும் ஞாபகம் இல்லை. "டைப் அடிக்கிற ஆள் வாசிக்கிறதில்லை தம்பி. கைதான் வாசிக்கும்," எண்டா.

ஃபைல் இருக்கு, வாசிக்க ஏலாது

யூஎஸ்பி ஸிப் டிரைவ் ஒன்றைப் பழைய சாமான் விற்கிற ஒருவரிடம் வாங்கினேன். டிஸ்க்கில் இருந்ததைத் தொடாமல், முதலில் முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரு இமேஜ் ஃபைலாக எடுத்தேன். இதை நீங்களும் செய்யுங்கள். பழைய டிஸ்க் இன்னொரு தரம் வாசிக்கும் எண்டு நம்பக்கூடாது.

கல்வெட்டு உள்ளே இருந்தது, பேஜ்மேக்கர் 6.5 ஃபைலாக. பேஜ்மேக்கர் 1985இல் ஆல்டஸ் நிறுவனம் கொண்டுவந்த மென்பொருள். பிறகு அடோபியிடம் போய், 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அதன் இடத்துக்கு வந்த இன்டிசைன் சில காலம் பேஜ்மேக்கர் ஃபைல்களைத் திறந்தது. இன்றைக்கு வருகிற பதிப்புகள் திறக்காது.

சரி, எழுத்தையாவது பார்ப்போம் எண்டு சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் போட்டேன். உள்ளே முழுக்க ஆங்கில எழுத்து. அர்த்தமில்லாத ஆங்கிலம். ஒரு இடத்தில் ஜே, கே, பி, ஓ, அதற்குப் பின்னால் ஒரு செமிகோலன். அம்மா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "பழுதாப் போச்சோ?" எண்டு கேட்டா.

பழுதாகவில்லை. அந்த ஐந்து குறிகளும் "தமிழ்" எண்ட சொல்தான். பாமினி எழுத்துருவில் ஜே அடித்தால் த, கே அடித்தால் ம, பி அடித்தால் விசிறி, ஓ அடித்தால் ழ, செமிகோலன் அடித்தால் குற்று. கொம்பியூட்டர் தான் ஆங்கிலம் சேமிக்கிறதாக நினைத்துக்கொண்டிருக்கும். திரையில் மட்டும் பாமினி அந்த ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்திவிடும்.

ஏன் அப்படிச் செய்தார்கள்? வேறு வழி இருக்கவில்லை. யூனிகோடின் முதல் பதிப்பில், 1991இலேயே, தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் அதைத் திரையில் காட்டிய முதல் விண்டோஸ் 2000ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 2000தான். அதுவரைக்கும் எங்கட ஆக்கள் காத்திருக்கவில்லை. 1980களில் இங்கே கனடாவில் இருந்த முனைவர் சீனிவாசன் டொஸ்ஸில் ஓடும் "ஆதமி" எண்ட தமிழ்ச் சொற்செயலியைச் செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் "முரசு" தொடங்கினார். சுவிற்சர்லாந்தில் கல்யாணசுந்தரம் "மயிலை" எழுத்துருவைச் செய்தார். இலங்கையிலும் புலம்பெயர்ந்த பத்திரிகைகளிலும் பாமினி பரவியது. ஒவ்வொருவரும் தாங்கள் நினைத்த இடத்தில் எழுத்தை வைத்தார்கள். ஒருவரின் "க" இன்னொருவரின் "ள" ஆக இருக்கும். இதை ஒழுங்குபடுத்தத்தான் டிஸ்கி வந்தது, 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாப், டாம் வந்தன. ஆனால் அதற்கு முதல் அடித்தது எல்லாம் அடித்த எழுத்துருவுக்குள்ளேயே பூட்டுப்பட்டுக் கிடந்தது.

இந்தப் பூட்டைத் திறக்க எனக்கு மூன்று சாமான் தேவைப்பட்டது: பேஜ்மேக்கர், அது ஓடுகிற விண்டோஸ், எழுத்துரு. பேஜ்மேக்கர் சீடியும் விண்டோஸ் 98 சீடியும் சீரியல் நம்பர் ஒட்டின உறையோடு சித்தியிடமே இருந்தன.

மக்புக்குக்குள் ஒரு பென்டியம்

என் மக்புக் ஆப்பிளின் எம் சிப். விண்டோஸ் 98 எழுதப்பட்டது இன்டெல் வழி எக்ஸ்86 சிப்புக்கு. இரண்டும் வேறு பாஷை. இங்கே இரண்டு சொல்லைப் பிரித்து விளங்கவேணும்.

வேர்ச்சுவலைசேஷன் எண்டால், அதே பாஷை பேசுகிற ஆளுக்கு வீட்டில் ஒரு அறையை வாடகைக்குக் கொடுக்கிறது மாதிரி. எமுலேஷன் எண்டால், வேறு பாஷை பேசுகிற ஆளுக்குப் பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளரையும் இருத்திவிடுறது. டொக்டரிடம் அம்மம்மாவோடு போய் நீங்கள் மொழிபெயர்த்தீர்களே, அதே வேலை. விஷயம் போய்ச்சேரும், ஆனால் ஒவ்வொரு வசனத்துக்கும் நேரம் எடுக்கும். என் மக்புக்குக்கு இரண்டாவதுதான் வழி. 86பொக்ஸ் எண்ட எமுலேட்டர் சிப்பை மட்டும் இல்லை, மதர்போர்ட், சவுண்ட் கார்ட், சீடி டிரைவ் எல்லாத்தையும் சேர்த்து நடிக்கும். பழைய மெஷின் மெதுவாகத்தான் ஓடினது எண்டால், அதுவும் அந்தளவு மெதுவாகத்தான் ஓடும்.

அந்த மெதுமை நல்லதுக்குத்தான். விண்டோஸ் 95 தொடங்கும்போது ஒரு சின்னச் சுற்றை ஓடவிட்டு, எவ்வளவு நேரம் எடுத்தது எண்டு பார்த்து, அந்த நேரத்தால் வகுக்கும். புது சிப்பில் அந்த நேரம் கிட்டத்தட்ட 0. 0ஆல் வகுக்கப் போய் விழுந்துவிடும். விண்டோஸ் 98க்கு 512 எம்பிக்கு மேல் ரேம் கொடுத்தால் அதுவும் தடுமாறும். விண்டோஸ் லப்டொப் வைத்திருப்பவர்கள் வேர்ச்சுவல்பொக்ஸில் 98ஐப் போட்டால், புது ஏஎம்டி, இன்டெல் சிப்புகளில் காரணமே சொல்லாமல் கிரஷ் ஆகும். பழைய விண்டோஸ் நினைவக முகவரிகளைக் கையாளும் முறையில் இருந்த ஒரு பிழை, புது சிப்பில்தான் வெளியே தெரிந்தது. அதைத் திருத்த பேட்சர்9எக்ஸ் எண்டு ஒரு இலவசக் கருவி இருக்கிறது. 16-பிட் புரோகிராம் எண்டால் 64-பிட் விண்டோஸ் தொடவே தொடாது. விண்டோஸ் 11இல் 64-பிட் மட்டும்தான் இருக்கிறது.

நான் பென்டியம் சிப், 128 எம்பி ரேம், 2 ஜிபி டிஸ்க் எண்டு அடக்கமாகக் கொடுத்தேன். இரண்டு இரவு போச்சு. மூன்றாம் இரவு அந்த ஸ்டார்ட்டப் சத்தம் வந்தது. மேலே குசினிக்குள் நின்ற சித்தி இறங்கி வந்து, "என்ர கொம்பியூட்டர்!" எண்டா.

ஃபைலை உள்ளே கொண்டுபோறதுக்கு யூஎஸ்பி எல்லாம் சரிவராது. கல்வெட்டு ஃபோல்டரை மக்கில் ஒரு சீடி இமேஜாகச் செய்து, எமுலேட்டரின் பொய்ச் சீடி டிரைவில் "போட்டேன்". பேஜ்மேக்கர் திறந்தது. முதலில் வந்தது ஒரு எச்சரிக்கைப் பெட்டி: இந்த ஃபைலில் இருக்கிற இரண்டு எழுத்துரு இங்கே இல்லை, பதிலுக்கு எதைப் போட?

முதலாவது பாமினி. அது வலையில் கிடைக்கும். போட்டேன். அம்மப்பா அம்மம்மாவைப் பற்றி எழுதின மூன்று பக்கமும் அப்படியே எழும்பி வந்தது. அம்மா கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டா.

இரண்டாவது பெயர் எனக்குத் தெரியாத ஒன்று. வலையிலும் இல்லை. வம்சாவளிப் பக்கம் முழுக்க அந்த எழுத்துருவில்தான் இருந்தது. சின்னப் பெட்டிகளுக்குள் பெயர் அடங்கவேணும் எண்டு ஒடுக்கமான எழுத்தாகப் பார்த்துப் போட்டதாம். பாமினியைப் போட்டால் வாயில் நுழையாத சொற்கள்தான் வந்தன.

ஒரு எழுத்து மிச்சம்

நான் கொஞ்சம் கெட்டித்தனம் காட்டினேன். அம்மா, சித்தி, மாமா, அம்மப்பா இவர்களின் பெயர்கள் எந்தப் பெட்டியில் இருக்கும் எண்டு தெரியும். தெரிந்த பெயரை வைத்து எந்தக் குறி எந்த எழுத்து எண்டு ஒரு அட்டவணை போட்டேன். குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி, ஒரு பின்னேரத்தில் 40 பெயருக்கு மேல் திறந்துவிட்டன. மூத்ததின் பெட்டியில் பின்பாதியும் வந்துவிட்டது.

முன்னுக்கு ஒரே ஒரு குறி மிச்சம். அது அந்தப் பக்கத்தில் வேறு எங்கேயும் வரவில்லை.

ஊகிக்கலாம். மாமா சொன்னதா, அம்மா சொன்னதா எண்டு ஒன்றைத் தெரிந்து போட்டுவிடலாம். ஒருவரும் கேட்கப்போவதில்லை. ஆனால் ஒரு ஆளின் பெயரை ஊகிக்கக்கூடாது. அந்தப் பிள்ளைக்கு இந்த உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான்.

அடுத்த சனிக்கிழமை சித்தி ஒரு பட்டர் குக்கி டின்னோடு வந்தா. உள்ளே ஊசி, நூல், பட்டன், அடியில் ஆறு ஃப்ளொப்பி. ஒன்றில் சித்தியின் கையெழுத்தில் "எழுத்து" எண்டு மட்டும் இருந்தது. யூஎஸ்பி ஃப்ளொப்பி டிரைவில் முதல் தரம் வாசிக்கவில்லை. இரண்டாம் தரம் பாதியில் நின்றது. நாலாம் தரம் முழுக்க வந்தது. 1.44 எம்பி, இன்றைக்கு ஒரு ஃபோன் படத்துக்கும் காணாது. அதற்குள் பதினொரு எழுத்துரு. அந்தப் பெயரும் இருந்தது.

எமுலேட்டருக்குள் அதை இன்ஸ்டால் செய்து, ஃபைலைத் திரும்பத் திறந்தேன். வம்சாவளி முழுக்க ஒரேயடியாகத் தமிழில் வந்து நின்றது. அந்த ஒற்றைக் குறி "ஸ்ரீ".

அம்மா சொன்ன பெயரும் இல்லை, மாமா சொன்ன பெயரும் இல்லை. இரண்டு பேருமே பிழை. அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "ஓம். அம்மா ஒருக்கா காய்ச்சலுக்க அப்பிடிக் கூப்பிட்டவ. என்னைத்தான் மாறிக் கூப்பிடுறா எண்டு நினைச்சன்," எண்டா. முழுப்பெயரை இங்கே நான் எழுதவில்லை. அது அம்மாவுடையது.

சித்தி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தா. ஃபோனில் வாட்ஸ்அப்புக்கு ஒரு விரலால் தேடித்தேடித் தமிழ் அடிக்கிற அதே சித்தி, பேஜ்மேக்கருக்குள் பத்து விரலாலும் பார்க்காமல் அடிக்கத் தொடங்கினா. இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் கீபோர்ட் முறையைத் தொடவில்லையாம். ஒரு இடத்தில் நிறுத்தி, "இதில ஒரு எழுத்துப்பிழை விட்டிருக்கிறன். அண்டைக்கு அழுதுகொண்டு அடிச்சது. திருத்தட்டோ?" எண்டு கேட்டா. கொப்பி ஒன்று எடுத்து அதில் திருத்துங்கோ, மூலத்தில் அப்படியே இருக்கட்டும் எண்டேன்.

வெளியே கொண்டுவருதல்

எமுலேட்டருக்குள் திறந்ததோடு வேலை முடியவில்லை. பேஜ்மேக்கரில் இருந்து போஸ்ட்ஸ்க்ரிப்ட் ஃபைலாக பிரின்ட் செய்து, மக்கில் கோஸ்ட்ஸ்க்ரிப்ட் வழியாக பிடிஎஃப் ஆக்கினேன். பார்க்க அச்சொட்டாக 1998 கல்வெட்டு. ஆனால் அதில் தமிழில் தேடினால் ஒன்றும் கிடைக்காது, கொப்பி பண்ணினால் திரும்ப அந்த ஜே, கே, பி, ஓதான் வரும். பிடிஎஃப் அழகைத்தான் காப்பாற்றும், மொழியைக் காப்பாற்றாது.

அதனால் எழுத்தைத் தனியே யூனிகோடுக்கு மாற்றவேணும். பாமினிக்கு இலவச மாற்றிகள் பல வருஷமாக இருக்கின்றன, சுரதாவின் "பொங்குதமிழ்" போல. இது வெறும் எழுத்துக்கு எழுத்து மாற்றுகிற வேலை இல்லை. பாமினி கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கில் சேமிக்கும். "கொ" எண்டால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு அரவு. யூனிகோட் சத்தத்தின் ஒழுங்கில் சேமிக்கும். முதலில் க, பிறகு ஒகரக் குறி. மாற்றி அதைப் பிரித்து அடுக்கித் தரும். பெயர் தெரியாத எழுத்துருவுக்கு மாற்றி இல்லை. நான் போட்ட அட்டவணையில் அந்த "ஸ்ரீ"யைச் சேர்த்து, சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதினேன்.

ஒன்று மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. பேஜ்மேக்கர் பெரிய படங்களை ஃபைலுக்குள் வைக்காது. வெளியே இருக்கிற படத்துக்கு ஒரு இணைப்பும், திரைக்கு ஒரு மங்கல் உருவமும்தான் வைக்கும். அம்மம்மாவின் படம் வேறு டிஸ்க்கில் இருந்ததாம். அந்த டிஸ்க் இல்லை. எங்களிடம் இருப்பது அந்த மங்கல் உருவம்தான்.

இந்த வார இறுதியில்

ஃபைலை மட்டும் வைத்திருந்தால் காணாது. எழுத்துருவும் வேணும், அதைத் திறக்கிற மென்பொருளும் வேணும், எது எது எண்டு தெரிந்த ஆளும் வேணும். முதல் மூன்றும் டின்னுக்குள் இருபத்தைந்து வருஷம் கிடக்கும். அந்த ஆள்தான் கிடக்கமாட்டார். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் அந்தக் காலத்தில் பேஸ்மென்டில் இருந்து தமிழ் அடித்த ஆக்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது.

வீட்டில் கேளுங்கள். ஃப்ளொப்பி, ஸிப், சீடி எது கிடைத்தாலும் முதலில் இமேஜ் எடுங்கள். பழைய கொம்பியூட்டர் முழுசாகக் கிடைத்தால், எறிய முதல் அதன் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரைக் கொப்பி பண்ணுங்கள். எந்த எழுத்துருவில் அடித்தது எண்டு அடித்த ஆளிடமே கேட்டு எழுதிவையுங்கள். புத்தகமாகவே கையில் இருந்தால் இன்னும் சுகம். ஸ்கான் செய்து நூலகம் நிறுவனத்துக்குக் கொடுக்கலாம், அவர்களின் எண்ணிம நூலகத்தில் இப்படியான நினைவு மலர்கள் நிறைய இருக்கின்றன. எங்கட கல்வெட்டையும் அனுப்பப்போகிறோம். ஒரு எழுத்துப்பிழையோடு.

அம்மா வம்சாவளிப் பக்கத்தை மட்டும் பெரிதாக பிரின்ட் எடுத்து, சாமித்தட்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறா. மொன்றியல் மாமாவுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்ப ரெண்டு பேரும் பிழையோ?"

"ஓமடா," எண்டா அம்மா. அறுபது வருஷச் சண்டை முடிஞ்சுது.

உங்கள் வீட்டு டின்னுக்குள் என்ன இருக்கு எண்டு எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த எபிசோட்டில் வாசிக்கிறோம்.